நான்கு காகிதம், நான்கிலும் ‘சார்ஜ்’

கோத்தகிரி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவருக்கு வயது 41. அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகள். அம்மா எஸ்டேட்டில் இலை பறித்து ஓய்வு பெற்றவர். தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, பின்பு அப்பாவுக்கு வந்த ஒன்றேகால் ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பட்டா இன்னும் அப்பா பெயரில்தான்.

2025 அக்டோபர் மழையில், இலை மூட்டையோடு இறங்கும் நடைபாதையைப் பக்கத்துத் தோட்டக்காரர் வேலி போட்டு அடைத்திருக்கிறார். வாய்த்தகராறு தள்ளுமுள்ளாகி, அந்த வீட்டு அம்மாள் வழுக்கி விழுந்து கையில் அடிபட்டது. போலீசில் புகார். இப்போது “சார்ஜ் ஷீட் போட்டாச்சு” என்று ஸ்டேஷனில் சொல்லி, கோர்ட் சம்மனும் வந்துவிட்டது. பயந்துபோய் தோட்டத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், அதிலும் ஒரு வரியில் ‘சார்ஜ்’. உடனே ஒரு தரகர், “போலீஸ் கேஸ் நிலத்து மேலேயே ஏறிடுச்சு, இனிமே யாரும் வாங்க மாட்டாங்க, பாதி விலைக்கு நான் எடுத்துக்கிறேன், பவர் எழுதிக் கொடுங்க” என்கிறாராம். அம்மாவோ, “எஸ்டேட்ல எனக்குக்கூட சார்ஜ் ஷீட் கொடுத்தாங்க, மூணு நாள்ல முடிஞ்சுபோச்சு” என்கிறாராம்.

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறார்: “ஆபீசில் ஸ்டோர் சீட் சார்ஜ் எடுத்தபோது லிஸ்டில் இருந்த சில பொருள் இப்போது இல்லையாம். ஆடிட்டில் சொல்லி, 17(பி) சார்ஜ் மெமோ கொடுத்திருக்கிறார்கள். பதில் எழுத 15 நாள். ஒன்பது நாள் ஆகிவிட்டது. மெமோ எல்லாருக்கும் வருவதுதானே, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன். முதலில் நிலத்தை விற்கவா, வேலையை ராஜினாமா செய்யவா, சொல்லுங்கள்.”

சகோதரி, இரண்டும் வேண்டாம். மெமோவுக்கான கெடு நெருங்கிவிட்டதால் அந்தப் பகுதிக்கு மட்டும் உங்களுக்குத் தனியாக உடனே பதில் அனுப்பிவிட்டேன். மற்றதையும் சேர்த்து இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்கள் குழப்பம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. இந்த மலையில் வக்கீல் ஆபீசுக்கு வருகிறவர்களில் பலர் இதே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லையே பார்த்துவிடுவோம். போனுக்கு சார்ஜ் ஏற்றுகிறோம். பஸ்ஸில் சார்ஜ் கொடுக்கிறோம். புது அதிகாரி சார்ஜ் எடுக்கிறார். கூட்டத்தில் லத்தி சார்ஜ் நடக்கிறது. இத்தனைக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் வண்டிக்கு ‘காரஸ்’ என்று பெயர். அதிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறிக்கும் ஒரு சொல் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆனது. பேட்டரியில் ஏற்றினாலும், ஒருவர் தலையில் வேலையை ஏற்றினாலும், ஒருவர் மேல் குற்றத்தை ஏற்றினாலும், நிலத்தின் மேல் கடனை ஏற்றினாலும் எல்லாம் பாரம்தான். நம் பேச்சிலும் அந்தப் பழைய பொருள் அப்படியே தங்கியிருக்கிறது: சார்ஜ் ‘ஏறுது’ என்கிறோம், ‘இறங்கிடுச்சு’ என்கிறோம். பொறுப்பையும் ‘ஏற்கிறோம்’.

ஆகவே ஒரு காகிதத்தில் சார்ஜ் என்று கண்டால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பாரத்தை ஏற்றியவர் யார்? எதன் மேல் ஏற்றினார்? இறக்கி வைக்க வேண்டிய இடம் எது? உங்கள் நான்கு காகிதத்துக்கும் (ஸ்டோரை ஏற்ற சார்ஜ் லிஸ்ட், சார்ஜ் மெமோ, போலீஸ் சார்ஜ் ஷீட், வில்லங்கச் சான்று) ஏற்றியவர் வேறு, இறக்கும் இடமும் வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் தாவாது. அதோடு, நீங்கள் அதிகம் பயப்படுகிற காகிதங்கள் லேசானவை. லேசாக நினைத்து மேசை அறையில் போட்டு வைத்திருப்பதுதான் கனமானது. அதனால் கடைசியிலிருந்து தொடங்குகிறேன்.

மேசை அறையில் கிடக்கும் மெமோ

தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(ஏ), 17(பி) என்று இரண்டு வழி உண்டு. கண்டனம், ஊதிய உயர்வை நிறுத்துவது போன்ற சிறு தண்டனைகளோடு முடியக்கூடியது 17(ஏ). அலுவலகத்தில் “எல்லாருக்கும் வரும்” என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான். உங்களுக்கு வந்திருப்பது 17(பி). பெரிய தண்டனை தர எண்ணும்போது எடுக்கிற வழி அது. பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, வேலையிலிருந்து நீக்குவது வரை போக முடியும். அந்த அளவுக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதில் எழுதாமல் விட்டால் உங்கள் தரப்பு இல்லாமலேயே விசாரணை நடக்கும். நடந்து முடிந்த பிறகு “எனக்குத் தெரியாது” என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்ல முடியாது.

இதில் உங்களுக்கு நல்ல பாதுகாப்பும் இருக்கிறது. குற்றச்சாட்டு என்ன என்று தெரிவித்து, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்து விசாரிக்காமல் அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று அரசியலமைப்பின் 311-வது பிரிவு சொல்கிறது. மெமோ என்பது அந்த வாய்ப்பின் முதல் படி, தீர்ப்பு கிடையாது. நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: மெமோவில் சொல்லியிருக்கும் ஆவணங்களின் நகலையும், பதில் எழுதக் கூடுதல் அவகாசத்தையும் கேட்டுக் கெடு முடியும் முன் கடிதம் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழி விசாரணை வேண்டுமா என்று மெமோவில் கேட்டிருந்தால், வேண்டும் என்றே எழுதுங்கள்.

சூப்பரின்டென்டென்ட் “மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் கொடுத்துடும்மா, முடிச்சிடலாம்” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் 17(பி) மெமோவுக்கு அப்படி எழுதினால், குற்றச்சாட்டை நீங்களே ஒப்புக்கொண்டதாகத்தான் பதிவாகும். பொய் எழுதச் சொல்லவில்லை. மழைக்கு முன்னால் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று முன்பு இருந்தவர் அவசரப்படுத்தியதால், எண்ணிப் பார்க்காமல் சார்ஜ் லிஸ்டில் கையெழுத்துப் போட்டதாகச் சொல்கிறீர்கள். எண்ணாமல் கையெழுத்துப் போட்டது ஒரு விஷயம், பொருள் உங்கள் கையில் இருக்கும்போது காணாமல் போனது வேறு விஷயம். முதலாவதை நடந்தபடி எழுதுங்கள். இரண்டாவதை அலுவலகம்தான் நிரூபிக்க வேண்டும். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், துறை விசாரணையிலோ ‘இப்படித்தான் நடந்திருக்கும்’ என்று நம்பத்தக்க அளவுக்கு இருந்தாலே போதும். அதனால்தான் பதிலில் அதிக கவனம் தேவை.

எனவே இருப்புப் பதிவேட்டையும் சார்ஜ் லிஸ்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். காணாமல் போனதாகச் சொல்கிற பொருள் பதிவேட்டில் இருந்து, உங்கள் லிஸ்டில் இல்லை என்றால், அது உங்களிடம் வரவே இல்லை. லிஸ்டில் இருந்தால், அதற்கு முந்தைய வருட இருப்புச் சரிபார்ப்பு நடந்ததா, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேளுங்கள். அன்று கூட இருந்த அலுவலக உதவியாளர் யார் என்று இப்போதே குறித்து வையுங்கள். நாளைக்கு உங்களுக்கே மாறுதல் வந்து, ஸ்டோரை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும்போது, அவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் உட்காரவைத்து எண்ண வையுங்கள். அந்தப் பாரம் இறங்குவது அங்கேதான்.

ஸ்டேஷனில் சொன்ன சார்ஜ் ஷீட்

அம்மா சொன்னதும் சரி, ஸ்டேஷனில் சொன்னதும் சரி. எஸ்டேட் நிர்வாகம் தொழிலாளிக்குக் கொடுக்கும் சார்ஜ் ஷீட், நீங்கள் வாங்கிய மெமோவின் உறவுதான். அது நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் இடையிலானது. போலீசின் சார்ஜ் ஷீட் என்பது, புலன்விசாரணை முடிந்ததும் அவர்கள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பும் அறிக்கை. குற்ற வழக்கு நடைமுறையைச் சொல்லும் பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 193-வது பிரிவில் வருகிறது. “எங்கள் விசாரணையில் தெரிந்தது இது” என்று போலீஸ் சொல்கிறது, அவ்வளவே. அது வந்துவிட்டால் குற்றவாளி என்று நினைத்திருக்கிறீர்கள். வழக்கு தொடங்கவே இப்போதுதான் போகிறது.

சம்மனோடு நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டத்தின் 126(2), 115(2), 351(2) என்று மூன்று பிரிவுகள்: வழியை மறித்தது, காயம் ஏற்படுத்தியது, மிரட்டியது. முதலாவதுக்கு அதிகபட்சம் ஒரு மாதம், அடுத்ததற்கு ஒரு வருடம், மூன்றாவதுக்கு இரண்டு வருடம். இரண்டு வருடத்துக்கு மேல் தண்டனை இல்லாத வழக்கு ‘சம்மன் வழக்கு’. அதில் நீதிமன்றம் முறைப்படி ‘சார்ஜ்’ எழுதுவதே கிடையாது. பெயர் சார்ஜ் ஷீட், ஆனால் உங்கள் வழக்கில் சார்ஜ் என்று ஒன்று எழுதப்படப்போவதில்லை. மாஜிஸ்திரேட் குற்றத்தின் சாரத்தை வாயால் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். குற்றச்சாட்டில் சாரமே இல்லை என்று அவருக்குப் பட்டால், காரணம் எழுதி அந்த இடத்திலேயே விடுவிக்கவும் பிஎன்எஸ்எஸ் 274-வது பிரிவு வழி வைத்திருக்கிறது.

அந்தக் கேள்வி வரும் நேரம்தான் ஆபத்தானது. “ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்” என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒப்புக்கொண்டால் அது தண்டனை பெற்றதாகவே பதிவாகும். ஐநூறு ரூபாய் அபராதம் என்றாலும் அரசு ஊழியருக்கு அது வேறு கணக்கு. தண்டனைக்குக் காரணமான நடத்தையை வைத்து, தனி விசாரணை இல்லாமலேயே நடவடிக்கை எடுக்க 311-வது பிரிவே விலக்குக் கொடுக்கிறது. வழக்கு நிலுவையில் இருப்பதால் மட்டும் வேலை போகாது. ஆனால் வழக்கு இருப்பதை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பின்னால் ‘மறைத்தார்’ என்று இன்னொரு மெமோ வரக்கூடாது.

சரி, எப்படி முடிப்பது? இரண்டு வழி. வழக்கை நடத்தலாம். போலீஸ் அறிக்கையும் சாட்சிகளின் வாக்குமூலங்களும் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். வாங்கிப் படித்தால்தான் எவ்வளவு பலம் என்று தெரியும். இல்லையென்றால் சமாதானம். இந்த மூன்று பிரிவுமே பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் சமாதானமாக முடிக்கக் கூடியவை. அப்படி முடிந்தால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் குற்றமற்றவர் என்று விடுதலை ஆனதற்குச் சமம். நான் இரண்டாவதையே சொல்வேன். அந்த அம்மாள் விழுந்தது மழையில், வழுக்கலில். நீங்கள் இன்னும் முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் இலை எடுக்கப் போகிறவர்கள்.

ஆனால் சமாதானம் என்ற பெயரில் பாதையை விட்டுக்கொடுத்து எழுதிவிடாதீர்கள். இருபது வருடத்துக்கு மேல் தடையில்லாமல், ஒளிவுமறைவில்லாமல், உரிமையாக நடந்த பாதைக்கு 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. தாத்தா காலத்திலிருந்து அந்த வழியில்தான் மூட்டை இறங்கியது என்று ஊரில் நான்கு பேர் சொல்வார்கள். அது சிவில் விஷயம். தனியாகப் பேச வேண்டும்.

வில்லங்கச் சான்றில் இருக்கும் வரி

இந்த வரியைப் பற்றித்தான் நீங்கள் மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், தூக்கம் இல்லை என்றும். நீங்கள் அனுப்பிய நகலில் அந்த வரியின் தேதியைப் பாருங்கள்: 2009. தகராறு நடந்தது 2025-ல். பதினாறு வருடம் முன்பு பதிவான வரி, போன அக்டோபர் வழக்கால் வந்திருக்க முடியுமா? இதுபோன்ற அடிதடிப் புகாரில் போலீஸ் யார் நிலத்தின் மேலும் சார்ஜ் பதிவு செய்வதில்லை. வில்லங்கச் சான்று என்பது பதிவு அலுவலகத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல். அதில் ஒரு வரி இருப்பதாலேயே தகராறு இருக்கிறது என்று பொருள் ஆகாது. ‘வில்லங்கம்’ என்ற பெயர்தான் மனதைக் கெடுக்கிறது.

அந்த 2009 பத்திரம் உங்கள் அப்பாவுக்கும் அத்தைக்கும் நடந்த பாகப்பிரிவினை. அத்தை நிலம் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்திருக்கிறார். பதிலுக்கு அப்பா மூன்று லட்சம் ரூபாயை இரண்டு வருடத்துக்குள் தர வேண்டும், அதுவரை அந்தத் தொகைக்கு இந்தத் தோட்டம் பொறுப்பு என்று எழுதியிருக்கிறார்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 100-வது பிரிவு சொல்கிற சார்ஜ் இதுதான். இது அடமானத்தை விடவும் லேசானது. நிலத்தில் எந்த உரிமையும் அத்தை கைக்குப் போகவில்லை. பணம் வராவிட்டால் கோர்ட்டுக்குப் போய் அந்த நிலத்திலிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்ற பிடிமானம் மட்டும் இருந்தது. அண்ணனை நம்பி நிலத்தை விட்ட தங்கைக்கு அந்தக் காலத்தில் யாரோ ஒரு பத்திர எழுத்தர் நல்ல யோசனை சொல்லியிருக்கிறார்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒன்றேகால் லட்சத்துக்கு அத்தை கைப்பட எழுதிய ரசீது கிடைத்ததாகச் சொல்கிறீர்கள். மீதி கொடுத்தாரா என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட பணத்துக்கு வழக்குப் போட, பணம் தர வேண்டிய நாளிலிருந்து 12 வருடம் காலவரம்பு. 2011-ல் தர வேண்டியது என்றால் அது இப்போது முடிந்துவிட்டது. இடையில் அப்பா கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் கணக்கு மாறும். ஆனால் காலவரம்பு முடிந்தாலும் அந்த வரி தானாக அழியாது. வாங்க வருகிறவரோ வங்கியோ கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். அதை இறக்கி வைக்கக் கூடியவர் அத்தை ஒருவர்தான். தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி இந்தச் சொத்தின் மேல் எனக்குப் பாத்தியதை இல்லை என்று அவர் ஒரு ரசீது எழுதிப் பதிவு செய்துகொடுத்தால், அடுத்த வில்லங்கச் சான்றில் அந்த வரிக்குக் கீழேயே இதுவும் வரும்.

அத்தைக்கு எழுபது தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். தள்ளிப் போடாதீர்கள். காலவரம்பு முடிந்தது என்று வாதாடுவதற்காக அத்தை இருக்கும் மேட்டுப்பாளையம் போகாதீர்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று அவரையே கேளுங்கள். இருந்தால், முடிந்த அளவில் தவணையாகவாவது கொடுங்கள். அண்ணனுக்காக நிலத்தை விட்டவர் அவர்.

தரகரிடம் சொல்ல வேண்டியது

பதிவான சார்ஜ், வாங்குகிறவரையும் கட்டும். அந்தத் தரகருக்கும் இது தெரிந்திருக்கும். அத்தையிடம் ஒரு ரசீது வாங்கினால் போதும் என்பதும் தெரிந்திருக்கும். பாதி விலைக்குக் கேட்பதன் கணக்கு அங்கேதான் இருக்கிறது. பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பது விற்பனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் கையில் பவர் இருந்தால், உங்கள் பெயரில் மூன்றாவது ஆளுக்குக் கிரயம் செய்துவிட முடியும். அவர் கொண்டுவரும் எந்தக் காகிதத்திலும், வெற்று ஸ்டாம்ப் பேப்பரிலும், கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று, தோட்டம் முழுவதும் உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா உயில் எழுதவில்லை, பாட்டியும் முன்பே இறந்துவிட்டார் என்கிறீர்கள். அப்படியானால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்குப் பாதி, உங்களுக்குப் பாதி. அம்மா கையெழுத்து இல்லாமல் நீங்கள் முழுவதையும் விற்கவே முடியாது. வாரிசுச் சான்று வாங்கிப் பட்டாவை இருவர் பெயருக்கும் மாற்றும் வேலையைத் தொடங்குங்கள்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று கடிதத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படிக்கும்போது மனம் கனத்தது. 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. உதகையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் வழி கேட்கலாம். போகும்போது நான்கு காகிதத்தையும் ஒரே ஃபைலில் போட்டு, மெமோவை மேலே வைத்து எடுத்துப் போங்கள்.